எதிர் மூலை

கிளி, ஏணி, உப்பு. டாக்டரம்மா சொல்லி முடித்ததும் சூசைமாணிக்கம் மூன்றையும் வாய்க்குள் போட்டு அடக்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் பல்லுக்குக் காவலாக ஒரு ரப்பரைக் கடித்துக்கொண்டு குத்துச்சண்டை ரிங்குக்குள் ஏறுவாரே, அந்த மாதிரி. வாயைத் திறந்தால் விழுந்துவிடும். "கொஞ்ச நேரம் கழிச்சு இதே மூணையும் கேப்பேங்கய்யா, மறந்துராதீங்க. அதுவரைக்கும் இந்தத் தாள்ல ஒரு கடிகாரம் வரைங்க. பதினொண்ணு பத்து காட்டணும், சரியா?" சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். பேத்தி வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, காதில் சின்னதாக ஒரு கல் மின்னுகிறது, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மகள் ஜெசிந்தாவிடம் பேச ஆரம்பித்துவிட்டது. கிளி, ஏணி, உப்பு. இதில் என்ன இருக்கிறது, அஞ்சாவதோடு நின்றவன்கூடச் சொல்லிவிடுவான், சூசைமாணிக்கமும் அஞ்சாவதோடு நின்றவர்தான். மூன்றே மூன்று வார்த்தை. ஆனால் அந்த மூன்றுக்குப் பின்னால் அல்லவா அருளாயி படுத்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போதே ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள், முகத்தைப் பார்த்துச் சொல்ல அதுக்கும் மனசு வரவில்லை பாவம், "டாக்டர் என்ன சொல்றாங்களோ அதாம்ப்பா. நல்லாத்தான் இருக்கீங்கன்னு சொன்னா நீங்களும் அம்மாவும் பொன்மலையிலயே இருங்க, நான் வாயே தொறக்கல. இல்லன்னா அம்மாவ நான் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். நீங்க அண்ணன்கிட்ட அரக்கோணத்துல இருங்க." பிள்ளைகள் பேசி முடித்துவிட்டார்கள். அண்டா உனக்கு, குத்துவிளக்கு எனக்கு என்று பங்கு வைக்கிற மாதிரி அம்மா அதுக்கு, அப்பா இதுக்கு. குற்றம் சொல்லவும் முடியாது, ஓசூரில் இருப்பது ஒரு ரூமும் ஒரு ஹாலும், அதில் ஜெசிந்தாவின் மாமியாருக்கு ஒரு கட்டில். கிளி. ஏணி. உப்பு. அருளாயி வாசலில் வழியனுப்பக்கூட வரமுடியாமல் கட்டிலில் இருந்தபடியே சொன்னாள், பக்கவாதம் வந்ததிலிருந்து வார்த்தை ஒரு பக்கமாகச் சரிந்துதான் வரும், "போயிட்டு ஜெயிச்சிட்டு வாய்யா."

பென்சிலைப் பிடித்ததும் வலது கை முட்டி சுருக்கென்றது. நடு விரல் முட்டி நாவற்பழம் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று ஜெசிந்தாவிடம் சொல்லியாகிவிட்டது, கதவுதான், கதவு என்றே இருக்கட்டும், அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும், வட்டம் போடு முதலில். வட்டம் வந்தது, கொஞ்சம் நெளிந்தது, சப்பட்டையாகப் போன ரயில் சக்கரம் மாதிரி. உச்சியில் பன்னிரண்டு, அடியில் ஆறு. "போன மாசம் கேஸை நிறுத்தாமலே விட்டுட்டாருங்க டாக்டர். பால் பொங்கி அணைஞ்சு போச்சு, பக்கத்து வீட்டு மேரிக்கா மோப்பம் பிடிச்சு ஓடி வரலன்னா..." என்று ஜெசிந்தா அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். காதைக் கொடுத்தால் வார்த்தை போய்விடும். கூட்டத்தில் ஆயிரம் பேர் கத்துவான், உன் காது என்கிட்ட மட்டும் இருக்கணும் மேன் என்பார் நோயல் மாஸ்டர். இஞ்சின் டிரைவர், ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர், சிவந்த மூக்கு, சாயங்காலமானால் ரயில்வே இன்ஸ்டிட்யூட் கொட்டகையில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பார், சம்பளம் கிம்பளம் கிடையாது, அது ஒரு கிறுக்கு அந்த மனுஷனுக்கு. லெஃப்ட், லெஃப்ட், ரைட். முதல் ரெண்டும் சும்மா கதவைத் தட்டற மாதிரி மேன், மூணாவதுதான் வீட்டுக்குள்ள போவுது. அதையே பிடித்துக்கொள்ளலாம். லெஃப்ட் கிளி, லெஃப்ட் ஏணி, ரைட் உப்பு. மேஜைக்கு அடியில் இடது கை ரெண்டு தரம் லேசாக அசைந்தது. கிளி, ஏணி. வலது கை அசைந்தபோது மறுபடி சுருக். உப்பு. இந்தா, மாட்டிக்கொண்டது, இனி எங்கே போகும். ரயில்வே கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த இவரைப் பார்த்துத்தான் நோயல் மாஸ்டர் நின்றார். கீழேயிருந்து மேல் வரைக்கும் மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "என்னா வெயிட் நீ?" தெரியாது என்றதும் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பார்சல் ஆபீஸ் தராசில் ஏற்றிவிட்டார். ஹெவிவெயிட் என்றால் எண்பத்தொரு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், இவர் எழுபத்தெட்டு. ஆனால் பொன்மலைக்கு ஹெவிவெயிட் என்று ஆளே இல்லை, ஆளில்லாவிட்டால் டீமுக்கு அந்தப் பாயிண்ட் போச்சு. போட்டியன்று விடிகாலை எடை பார்ப்பதற்கு முன்னால் ஒரு சீப்பு பூவன் பழம், குடம் குடமாகத் தண்ணி, முழுங்கு மேன் முழுங்கு என்று முதுகைத் தடவிக்கொடுத்தார் மனுஷன், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. தராசில் நின்றபோது வயிறு களக் களக் என்று ஆடுகிறது, அடக்க முடியவில்லை, முள் எண்பத்தொன்றைத் தாண்டினதும் எடை பார்த்த ஆபீசர் தலையை ஆட்டுவதற்குள் துண்டை அள்ளிக்கொண்டு மரத்துப் பக்கம் ஓடினது ஒரு ஓட்டம். கொட்டகையே சிரித்தது. சூசை, ஹெவிவெயிட்டைப் பாதி மரத்துக்கு ஊத்திட்டான்டா. சம்மட்டி அடித்து அடித்து, பழம் தின்று தின்று, ரெண்டு வருஷத்தில் நிஜமாகவே ஹெவிவெயிட் ஆகிவிட்டார். கிளி, ஏணி, உப்பு. மூன்றுக்கு நேரே ஒன்பது போட்டாயிற்று, இல்லை மூன்று அந்தப் பக்கம் அல்லவா வரும், சரி, அழித்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஹெவிவெயிட்டில் ஒரு பரிதாபம் இருக்கிறது, அது வெளியாளுக்குத் தெரியாது. எதிரே வருவதற்கு ஆள் இருக்காது. சின்ன எடையில் ஒவ்வொன்றுக்கும் பையன்கள் வரிசை கட்டி நிற்பார்கள், அடித்துப் பிடித்து மேலே வருவதற்குள் மூக்கு முகம் எல்லாம் தக்காளிப்பழம். பெரிய எடையில் பேரைக் கொடுத்துவிட்டு வராமல் போய்விடுவான்கள். வராவிட்டாலும் சும்மா பதக்கத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள், அதுக்கும் ஒரு முறை உண்டு. கையில் பேண்டேஜ் சுற்றி, கிளவுஸ் மாட்டி, முழு வேஷத்தோடு ரிங்கில் ஏறி உன் மூலையில் நிற்க வேண்டும். எதிர் மூலையில் ஒரு ஸ்டூலும் ஒரு தண்ணி வாளியும் மட்டும் இருக்கும். மைக்கில் எதிராளி பேரைக் கூப்பிடுவார்கள். ஒரு தரம். ரெண்டாம் தரம். மூணாம் தரம். ஸ்டூல் பதில் சொல்லாது. பெல் அடிப்பார்கள், ரெஃப்ரி உன் கையைத் தூக்குவார், வாக்ஓவர். நாலு பேர் கை தட்டுவான், மீதிப் பேர் வேர்க்கடலை உரிப்பான். இப்படித்தான் சூசைமாணிக்கத்துக்குப் பாதிக்கு மேல் பதக்கம் வந்தது. வாக்ஓவர் சூசை என்றே பட்டறையில் பேராகிப்போனது. கல்யாணமாகி வந்த புதிதில் அருளாயிக்கு இது விளங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கும்போது முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், மூக்கு நேராக இருக்கிறதா, பல்லு இருக்கிறதா என்று. "ஜெயிச்சியா?" "ம்." "அடிச்சு ஜெயிச்சியா, வாக்ஓவரா?" "வாக்ஓவர்." "அந்த வராத புண்ணியவானுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்யா" என்பாள், ஏற்றவும் செய்வாள், சூசையப்பர் கோயிலில், பேர் தெரியாத எவன் எவனுக்கோ. இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரெல்லாம் சிரிக்கிறான், நீயுமாடி. இப்போது அவளைத் தூக்கும்போது அவளேதான் சொல்லிக்கொள்வாள், "நாந்தான்யா இப்ப ஹெவிவெயிட்டு." ஒரு கை அக்குளுக்கு அடியில், ஒரு கை தொடைக்கு அடியில், அவள் நல்ல கையை அவர் பிடரியில் போட்டுக்கொள்வாள், மூச்சை இழுத்து, தூக்கு. ஒரு நாள்கூட அவளுக்கு வலித்ததில்லை. நர்சு வைத்துப் பார்த்தார்கள், அரிசி மூட்டை மாதிரி இழுத்தாள், அருளாயி கத்தினாள், அன்றைக்கே நர்சை அனுப்பியாகிவிட்டது. ஓசூரில் யார் தூக்குவார்கள். ஜெசிந்தாவுக்கு முதுகு வலி. அவள் மாமியாரா தூக்கப்போகிறாள். "சுகர் மாத்திரைய ரெண்டு தடவை குடுத்திருக்காருங்க. குடுத்ததையே மறந்துட்டு மறுபடியும். அம்மா மயக்கமாகி..." ஜெசிந்தாவின் குரல் உடைந்துபோயிற்று. அது ஒரு தடவைதான். ஒரே தடவைதான். அப்புறம் டப்பாவில் எண்ணிப் போட்டுவைக்கவில்லையா. லெஃப்ட் கிளி, லெஃப்ட்,

லெஃப்ட். லெஃப்ட் என்ன. கிளி, அப்புறம், உப்பு. நடுவில் ஒன்று. இங்கேதானே இருந்தது. கிளி என்று கதவைத் தட்டினோம், அப்புறம் இன்னொரு தட்டு, அப்புறம் உப்பு. அந்தத் தட்டைக் காணோம். கடிகாரத்தைப் பார்த்தார், எண்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன, மழைக்கு ஒதுங்கிய ஆட்டு மந்தை மாதிரி, அந்தப் பக்கம் வெறும் வட்டம். பதறாதே, பதறினால் கை தாழ்ந்துவிடும், கை தாழ்ந்தால் தாடை தெரியும். கிளி. கிளி கூண்டு. கிளி சீட்டு. கிளி என்றால் பச்சை. பச்சை என்றால் எதிராளி போட்டிருந்த பனியன், கரக்பூரில். ஐயோ அங்கே போகாதே. போய்விட்டது மனசு. ரயில்வேக்குள் நடந்த பெரிய போட்டி, ஃபைனல், அந்த ஒரு தடவை எதிர் மூலை காலியாக இல்லை. பச்சைப் பனியனில் ஒரு பஞ்சாபிக்காரன், கதவுநிலை மாதிரி ஆள், காதுக்குக் கீழே ஒரு மச்சம். அவன் பேர் கூட நினைவில் இல்லை, அந்த மச்சம் இருக்கிறது. முதல் ரவுண்டில் சூசை கொடுத்தார், நன்றாகவே கொடுத்தார், மூணாவது குத்து வீட்டுக்குள்ளேயே போயிற்று, பஞ்சாபிக்காரன் கயிற்றில் சாய்ந்தான், ஒரு கூட்டமே எழுந்து நின்றது, வாழ்க்கையில் முதல் தடவையாக எவனும் வேர்க்கடலை உரிக்கவில்லை. ரெண்டாவது ரவுண்டில் எங்கிருந்தோ ஒன்று வந்தது. அது வந்ததை அவர் பார்க்கவே இல்லை. அப்புறம் ஒரு இரைச்சல், பட்டறைச் சங்கு ஊதுகிற மாதிரி, நிற்காத சங்கு. ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தார். சத்தியமாக நின்றுகொண்டுதான் இருந்தார். வாங்கிக்கொண்டு நின்றார், ஆனால் நின்றார். அவனும் களைத்துப்போயிருந்தான், வாயைத் திறந்து மூச்சு விட்டான், இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தால் மூணாவது ரவுண்டில் அவன் விழுந்திருப்பான், நாற்பது அம்பது வருஷமாக எத்தனை ராத்திரி அவனை விழவைத்திருக்கிறார். அப்போதுதான் வெள்ளையாக என்னவோ பறந்து வந்து காலடியில் விழுந்தது. துண்டு. நோயல் மாஸ்டருடைய துண்டு. அவர் பக்கத்து ஆளே, அவர் மூலையிலிருந்தே, போதும், தோற்றோம் என்று எறிந்துவிட்டார். ரெஃப்ரி பஞ்சாபிக்காரன் கையைத் தூக்கிவிட்டார். சூசைமாணிக்கம் வாயிலிருந்த ரப்பரை எடுத்து மாஸ்டர் மூஞ்சியிலேயே எறிந்தார், ரத்தமும் எச்சிலுமாக அவர் வெள்ளைச் சட்டையில் பட்டது. அவர் துடைக்கக்கூட இல்லை. ரிங்கோரத்தில் சாத்தியிருந்த மரப்படியில் கையைப் பிடித்து இறக்கினார், "படி பாத்து மேன், படி பாத்து," சூசை கையை உதறினார், உதறினதில் கால் தப்பி, அந்த மரப்படி, அது படிகூட இல்லை, கட்டை ஏணி, நாலு குறுக்குக் கட்டை வைத்து ஆணி அடித்த ஏணி. ஏணி! லெஃப்ட் கிளி, லெஃப்ட் ஏணி, ரைட் உப்பு. வந்துவிட்டது. ஆண்டவரே வந்துவிட்டது. மூன்றும் இருக்கிறது.

மூன்றும் கைக்குள் இருக்கிற சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது கிழவருக்கு. இனி அந்தப் பெண் எப்போது திரும்பிக் கேட்டாலும் டக் டக் டக் என்று சொல்லிவிடலாம். கேட்டுத் தொலையேன் அம்மா, இப்போதே கேளேன். அது ஜெசிந்தாவிடம் என்னவோ எழுதிக்கொண்டே பேசுகிறது. நோயல் மாஸ்டரோடு அதற்கப்புறம் பேசவில்லை. திரும்பி வந்த ரயிலில் ரெண்டு நாள் எதிர் எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசவில்லை. ஒரே ஒரு தடவை அவர்தான் சொன்னார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கோச்சுக்கோ மேன், நல்லா கோச்சுக்கோ. வயசான காலத்துல உன் பொண்டாட்டி உன்னைப் பாத்து நான் யாருன்னு கேட்டா நீ சொல்லணும். அவ்ளதான் எனக்கு." கேட்டபோது இவருக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை. கொட்டகைக்குப் போவதை விட்டார். ரெண்டு மூணு வருஷம் கழித்து மாஸ்டர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார் என்று பட்டறையில் பேச்சு. கிளம்புவதற்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். சூசைமாணிக்கம் உள் ரூமில் இருந்தார், வெளியே வரவில்லை. அருளாயிதான் காபி கொடுத்தாள். கதவு இடுக்கு வழியாகக் கேட்டது, "தூங்கறானா?" "ஆமா மாஸ்டர், நைட் ஷிஃப்ட்டு." பகல் முழுக்க வீட்டில் இருந்த ஆளுக்கு என்ன நைட் ஷிஃப்ட், அவருக்கும் தெரியும். "நல்லா தூங்கட்டும். எழுப்பாத மா," என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்து டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். அங்கே போய்ச் செத்தும் போய்விட்டார். இந்த மூன்றையும் நான் சொல்லிவிட்டேன் என்றால் நீ எறிந்த துண்டு வீண் மாஸ்டர், பார்த்துக்கொள், என் தலை நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருந்தது. கிளி, ஏணி, உப்பு. வலது கையை மடக்கினார், முட்டி மறுபடியும் சுருக்கென்றது, இந்தத் தடவை கதவு என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. கதவு இல்லை. வியாழக்கிழமை மத்தியானம். அருளாயி கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்து அசந்துவிட்டார். வாயோரம் எச்சில் வடிந்திருக்க வேண்டும், ஈ மொய்த்திருக்க வேண்டும், அவள் மேலேயிருந்து சாய்ந்து நல்ல கையால் முந்தானையைக் கொண்டு துடைக்க வந்திருக்கிறாள். இவர் கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேரே ஒரு கை வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு முகம். அந்த முகம் யார் என்று தெரியவில்லை. யாரோ ஒரு கிழவி. யாரோ கூட இல்லை, ஒரு கை வருகிறது, அவ்வளவுதான். வலது கை தானாகப் போயிற்று. எழுபது வயசைத் தாண்டியும் அது எவ்வளவு சுத்தமாகப் போயிற்று, தோளிலிருந்து, இடுப்பைத் திருப்பி, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. கட்டில் இரும்புச் சட்டத்தில் பட்டு டங்கென்று சத்தம், கட்டிலே ஒரு முழம் நகர்ந்தது. அவள் காதுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்திருக்குமா. அப்புறம் அவளே சிரித்தாள், கோணல் வாயால், "என்னய்யா, எனக்கு ஒரு வாக்ஓவர் குடுக்கக் கூடாதா?" சிரித்தாளே தவிரக் கண் சிரிக்கவில்லை. "ஜெசிந்தாட்ட மூச்சு விடாத. என்னக் கூட்டிட்டுப் போயிருவா." இவருக்கு அவள் பேர் அதற்கப்புறம்தான் வந்தது. நான் யாருன்னு கேட்டா நீ சொல்லணும். அவள் கேட்கவில்லை, நல்லவேளை கேட்கவில்லை. மாத்திரை தப்பினால் டப்பா வாங்கலாம், கேஸ் தப்பினால் மேரி மோப்பம் பிடிப்பாள், இது தப்பினால்? சட்டம் அந்தப் பக்கம் இல்லாமல் இருந்தால்?

"அய்யா, வரைஞ்சிட்டீங்களா?" டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தது, ஓரமாக வைத்தது. "சரி, இப்ப சொல்லுங்க. நான் மூணு வார்த்தை சொன்னேன்ல, என்னென்ன?" ஜெசிந்தா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், அப்பா வாயையே பார்க்கிறாள், சின்ன வயசில் தோளில் உட்கார்ந்து மாலையைப் பிய்த்துத் தின்ற குழந்தை, அதுக்கும் அவர் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது, முகத்திலேயே தெரிகிறது. லெஃப்ட் கிளி, லெஃப்ட் ஏணி, ரைட் உப்பு. மூன்றும் பளிச்சென்று வரிசையாக நிற்கின்றன, இவ்வளவு தெளிவாக அவருக்கு எதுவும் இருந்து ரொம்ப நாளாயிற்று. "கிளி," என்றார். "ம், கிளி. அப்புறம்?" மேஜைமேல் அவர் வலது கை இருந்தது, வீங்கின முட்டியோடு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. "நிதானமா யோசிங்கய்யா. இன்னும் ரெண்டு இருக்கு." மைக்கில் பேரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்களே, அந்த நேரம்தான் இது, இன்ஸ்டிட்யூட் கொட்டகையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வராத பயல்களை எல்லாம் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்துக்கொண்டிருந்தார் இத்தனை வருஷமும். யார் கண்டது, கொட்டகைக்கு வெளியிலேயே நின்றிருப்பானோ என்னவோ, பேண்டேஜ் சுற்றி, கிளவுஸ் மாட்டி, தன் பேரை மூணு தரமும் நன்றாகக் கேட்டுக்கொண்டு. ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்து. "அப்பா," என்றாள் ஜெசிந்தா, குரலே எழும்பாமல், "உனக்குத் தெரியும்ப்பா. சொல்லுப்பா." "தெரியலம்மா," என்றார் சூசைமாணிக்கம். "மத்தது எதுவும் தெரியல." டாக்டரம்மா எழுதிக்கொண்டது. ஜெசிந்தா முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து, யாரும் கேட்காமலே, "அவளத் தூக்கறப்ப அக்குளுக்கு அடியில கை குடுத்துத் தூக்கணும்மா, தோளப் பிடிச்சு இழுத்துறாதீங்க, நான் உனக்குக் காட்டித் தர்றேன்," என்றார். "அதுக்கெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு பாருங்க," என்றது டாக்டரம்மா, அன்பாகத்தான்.

வெளியே வந்ததும் ஜெசிந்தாவின் செல்போன் அடித்தது. மேரிதான், அருளாயி காதில் பிடித்துக்கொண்டிருக்கிறாளாம், அம்மா அப்பாவிடம்தான் பேசுவாளாம். போனை வாங்கி நல்ல காதில் வைத்துக்கொண்டார். சரிந்த குரல் கேட்டது, எந்த ஊரிலிருந்து வந்தாலும் வாசலில் கேட்கிற அதே கேள்வி, "என்னய்யா, ஜெயிச்சியா?" "வாக்ஓவர்," என்றார். அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பியது, கிளம்பி, பாதியில் நின்றது. ஐம்பது வருஷமாக அந்தக் குரலைக் கேட்டவள் அல்லவா. "யாருக்குய்யா?" என்றாள். இவர் போனை மகளிடம் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசல் படி வந்துவிட்டது, உயரமான சிமெண்டுப் படிகள். ஜெசிந்தா ஒரு கையில் போனோடு இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "படி பாத்துப்பா," என்றாள். அவர் உதறவில்லை. கையை அவளிடம் கொடுத்துவிட்டு, முதல் படியில் கிளி என்றார், ரெண்டாம் படியில் ஏணி என்றார், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மூன்றாவதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே உதட்டுக்கு வந்து கரித்தது.